நம் வீட்டில் இட்லி சாப்பிட்ட எம்.பி.

எய்யா ஜோசப்,

லண்டனில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்ல நீ போன் பண்ணிய அன்றைக்கு, நான் ஆஸ்பத்திரியில் ஒரு ஆளின் வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பார்க்கிங் இடத்துக்காக வந்த சண்டையாம். சுட்டவன் பக்கத்து அறையில் மண்டை உடைந்து கிடந்தான். ஹூஸ்டனில் எமர்ஜென்சி நர்ஸாக இருப்பவளுக்கு இதெல்லாம் புதிதில்லை. அந்த ஆளை ஆபரேஷனுக்குத் தள்ளிவிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து உனக்குத் திரும்பக் கூப்பிட்டேன். யாருடைய ஆபீஸில் என்று கேட்டேன். நீ பெயரைச் சொல்லிவிட்டு, "யூ ரிமெம்பர் ஹிம், அம்மா? ஹி ஸ்டேய்ட் வித் அஸ் ஒன்ஸ்" என்று சிரித்தாய். எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறாய். கழுவின கையை மறுபடியும் போய்க் கழுவினேன்.

உன்னை அங்கே அனுப்புவதா வேண்டாமா என்று ஒரு வாரம் எனக்குள்ளேயே சண்டை. வளர்ந்த பிள்ளையை அனுப்ப இவள் யார் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். அந்த மனிதர் உன் அண்ணன் அமலுக்கு என்ன செய்தார் என்பது தெரியாமல் நீ அவர் அறையில் போய் உட்காரக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் படிக்க உனக்கு நேரம் ஆகும், ஆகட்டும். இங்கிலீஷில் எழுதினால் என் கோபத்தில் பாதி போய்விடும்.

அமல் என் அக்கா பிள்ளை. தூத்துக்குடியிலிருந்து மன்னாருக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தபோது, கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு என்றுதான் எங்கள் அப்பா நினைத்தார். அந்த நாட்டுச் சண்டை நமக்குச் சொந்தம் ஆகும் என்று யாரும் நினைக்கவில்லை. தொண்ணூறில் சண்டை மறுபடி மூண்டபோது, ஒரு நாள் காலையில் அத்தான் அரிசி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மேலே ஹெலிகாப்டர். ரோட்டில் இருந்தது அவர் ஒருத்தர்தான். அக்கா ஓடிப் போனபோது அரிசி எல்லாம் சிவப்பாகச் சிதறிக் கிடந்ததாம். அத்தானை ஒரே ஆளாகத் தூக்க முடியவில்லை, ஏனென்றால் அவர் ஒரே துண்டாக இல்லை. கட்டியிருந்த சேலையை அவிழ்த்து அதில் கட்டி, பாவாடையும் ரவிக்கையுமாக வீட்டுக்கு இழுத்து வந்தாள். அமல் வாசலில் நின்று பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு அவனை ஒரு பக்கம் இயக்கத்துக்காரர்கள் வா என்று கூப்பிட்டார்கள், இன்னொரு பக்கம் ராணுவம் அவன் வயதுப் பிள்ளைகளை எல்லாம் லாரியில் ஏற்றியது. கையில் துப்பாக்கி எடுக்கவும் மாட்டேன், லாரியில் ஏறவும் மாட்டேன் என்று நின்ற பிள்ளை அவன். எப்படியோ லண்டன் போய்ச் சேர்ந்தான். அங்கே அகதி என்று விண்ணப்பித்தான், அவர்கள் முடியாது என்றார்கள். மேல்முறையீடும் தோற்றது. இனி அவனைப் பிளேன் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. ஒரு எம்.பி. எழுத்தில் தலையிட்டால் அனுப்புவதை நிறுத்தி வைப்பார்கள் என்று வக்கீல் சொன்னார். அமல் குடியிருந்த தொகுதியின் எம்.பி.தான் இப்போது உன் முதலாளி.

அந்த ஆளைப் பற்றி நல்லதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் அவருக்கு மன்னார் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவர் தொகுதியில் தெருவுக்குத் தெரு தமிழர்கள் கடை வைத்து, வீடு வாங்கி, ஓட்டுரிமையும் வாங்கிய பிறகு தெரிந்துகொண்டார். ஓட்டுக்காகத்தான் ஆரம்பித்தார், பிறகு உண்மையாகவே படித்தார். பார்லிமென்டில் எழுந்து கேள்வி கேட்டார். அமல் எனக்குப் போன் பண்ணும்போதெல்லாம் அவர் பேச்சுத்தான். "சித்தி, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. எம்.பி. நல்ல மனுசன். போன கிழமையும் அவரோட கதைச்சனான்" என்பான். அந்தச் சமயத்தில் அவர் ஏதோ எண்ணெய்க் கம்பெனி விஷயமாக ஹூஸ்டன் வருகிறார் என்று தெரிந்ததும் உன் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இங்கே தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் அல்லவா. பொங்கல் விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் கிடைத்துவிட்டார். ஓட்டலில் எதற்கு, நம் வீட்டிலேயே தங்கட்டும் என்று பேர்லேண்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். நீ அப்போது ஆஸ்டினில் காலேஜில் இருந்தாய். உன் கட்டிலில்தான் படுத்தார்.

காலையில் இட்லி வைத்தேன். கையால் சாப்பிடுகிறேன் என்று சொல்லி, சாம்பாரைப் புறங்கை வரை வழிய விட்டுக்கொண்டு சாப்பிட்டார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். உடனே தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். லண்டனில் அப்போது ஐரிஷ்காரர்களின் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். அவர் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு, தெருவில் போகும்போது கண்ணாடி மழையாக விழுந்து முகமே போய்விட்டது. ஆம்புலன்ஸ் வரும் வரை இவர்தான் தன் கோட்டை வைத்து அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "அதற்குப் பிறகு எந்த நாட்டுச் சண்டையிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் அவர் கையைத்தான் பார்க்கிறேன். இந்தக் கை குண்டு வைத்த கையா, குண்டில் மாட்டிய கையா என்று. எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை" என்றார். அமல் கையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பார்த்தேன். அவன் நல்ல பையன்" என்றார். அப்படியானால் எழுதித் தருவீர்களா என்று நேராகவே கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார், இட்லித் தட்டைப் பார்த்தார். "ஊர் போனதும் முதல் வேலையாகக் கடிதம் அனுப்புகிறேன், மேடம்" என்றார். ரத்தத்தைக் கையில் பிடித்த மனிதர் சொல்கிறார் என்று நான் நம்பினேன் ஜோசப். அன்றைக்கே அமலுக்குச் சொன்னேன். "கனடாவுக்கு வா எண்டு இஞ்ச கூட இருக்கிற பெடியன் கூப்பிடுறான் சித்தி, போகட்டே?" என்று கேட்டான். எங்கும் போகாதே, கடிதம் வருகிறது, அதே அறையில் இரு என்று சொன்னேன்.

விழா ஒரு பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில். நான் பின்னால் சமையல்கட்டில் நானூறு பேருக்குப் புளியோதரையைக் கிளறிக்கொண்டிருந்தேன், மேடையைப் பார்க்கவில்லை. சங்கத்தில் குமார் அங்கிள் என்று ஒருவர் இருந்தார், உனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய தம்பி இயக்கத்தில் சேர்ந்து, சண்டையில் இறந்து அந்த மாதம்தான் செய்தி வந்திருந்தது. உடல் வரவில்லை. அவர் உன் அப்பாவிடம் வந்து, "அண்ணை, தம்பியின்ர படத்தையும் விளக்குக்குப் பக்கத்தில ஒரு ஓரமா வைக்கட்டே?" என்று கேட்டிருக்கிறார். செத்தவனுக்கு ஒரு பூப் போட இடம் இல்லாமல் நிற்கிறவனிடம் எப்படி முடியாது என்று சொல்வது? அப்பா தலையை ஆட்டிவிட்டார். படத்தில் அந்தப் பையன் சீருடையில் இருந்தான். நம் ஆட்கள் கூட்டம் என்றால் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றுவார், பக்கத்தில் எந்தப் படம் இருக்கிறதோ அதற்குப் பூத் தூவுவார், கை கூப்புவார். இது யார் படம் என்று எந்தச் சிறப்பு விருந்தினரும் கேட்டதில்லை. அப்பா மைக்கில் அழைத்தார், தாம்பாளத்தை நீட்டினார், அந்த மனிதர் பூவை எடுத்துத் தூவினார், காரில் அப்பா கற்றுக்கொடுத்தபடியே கை கூப்பினார். கேமராக்காரர் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

அந்தப் போட்டோ எப்படியோ கொழும்புப் பத்திரிகைக்குப் போனது, அங்கிருந்து லண்டன் பத்திரிகைக்குப் போனது. பிரிட்டிஷ் எம்.பி. பயங்கரவாதிக்கு அஞ்சலி செலுத்துகிறார் என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். இலங்கை அரசாங்கம் புகார் கொடுத்தது. கட்சியில் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வன்முறையை வன்மையாகக் கண்டிக்கிறேன் என்று அறிக்கை விட்டார். அதற்குப் பிறகு பார்லிமென்டில் தமிழர் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. வந்தபோது, அந்த இயக்கத்தைத் தடை செய்ய வேண்டும் என்று பேசத்தான் வந்தது. கடிதம் வரவில்லை. "ஒபிசில ஒருத்தரும் கதைக்கினம் இல்லை சித்தி. ஆனா அவர் சொன்னவர் தானே, வரும்" என்றான் அமல். தன்னை மறந்திருப்பார் என்று நினைத்தானே தவிர, ஏமாற்றுவார் என்று நினைக்கவே இல்லை. அவனைக் கொழும்புக்குப் பிளேன் ஏற்றிவிட்டார்கள்.

விமான நிலையத்துக்கு வெளியே ஒரு வெள்ளை வேனில் ஏற்றிக்கொண்டு போனது யார் என்று இன்று வரை தெரியாது. மூன்று வாரம் கழித்து ஒரு ரோட்டோரப் புதரில் கிடந்தான். அக்கா ஒரு போன் கடையிலிருந்து கூப்பிட்டாள். அழவில்லை. அடையாளம் காட்டச் சொன்னார்கள், காட்டினேன் என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, நர்ஸ் புத்தியில் கேள்வி கேட்டேன்.

"நகம் இருந்துச்சாக்கா?"

"இல்லட்டி."

"கைய எந்தப் பக்கம் கட்டியிருந்தாங்க?"

"பின்னால. தோளு ரெண்டும் கழண்டு கெடந்துச்சு."

"பாதத்துல?"

"பாதம் வீங்கி வெடிச்சிருந்துச்சு. ஏன்டி இதெல்லாம் கேக்க?"

தோளை வைத்தும் பாதத்தை வைத்தும் எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டித் தொங்கவிட்டு உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். வீக்கம் என்றால் அதற்குப் பிறகும் பல நாள் ரத்தம் ஓடியிருக்கிறது, உயிர் இருந்திருக்கிறது. "சீக்கிரமே போயிருப்பான்க்கா, ரொம்ப வலி தெரிஞ்சிருக்காது" என்று சொன்னேன். இந்தப் பொய்யைக் காயம்பட்டவர்களின் வீட்டாரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அக்காவிடமும் சொல்லிவிட்டேன்.

போனை வைத்துவிட்டு கராஜுக்குப் போனேன். சங்கத்துக் குத்துவிளக்கு அங்கேதான் இருக்கும். சுத்தியலை எடுத்து அடித்தேன். பித்தளை உடையாது, நசுங்கும். கை தோல் உரியும் வரை அடித்தேன். உன் அப்பா கதவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னையும் அடிச்சிரு" என்றார். உங்களால்தான் செத்தான் என்று என் வாயால் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சுத்தியலால் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அதோடு சங்கம் போச்சு, மைக் போச்சு. ஊரில் யாராவது கல்யாணத்தில் நாலு வார்த்தை பேசுங்கள் சார் என்றால்கூட எழுந்து வெளியே போய்விடுவார். குமார் அங்கிள் வேலையை மாற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவில் இருக்கும் டப்ளினுக்குப் போய்விட்டார். அப்பா ஏன் மேடை ஏறுவதில்லை என்று நீ கேலி பண்ணுவாயே, காரணம் இதுதான். இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் அந்தச் சண்டையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, வகுப்பில் படித்த தைரியத்தில், "இட்ஸ் காம்ப்ளிகேட்டட், அம்மா. போத் சைட்ஸ்" என்று ஆரம்பித்தாய். அறைந்தேன். அதற்கு நான் இன்னும் வருத்தப்படவில்லை. இரண்டு பக்கமும் கொன்றது என்பது எனக்கும் தெரியும். அமல் எந்தப் பக்கம் என்று நீ கேட்டிருக்க வேண்டும்.

போன வாரம் அந்த மனிதரே எனக்குப் போன் பண்ணினார். அவர் கட்சி இப்போது எதிர்க்கட்சி. வெளியுறவு விஷயங்களை அவர்தான் கவனிக்கிறார், நாளைக்கு ஆட்சி மாறினால் மந்திரி. உங்கள் மகன் யார் என்று தெரிந்துதான் எடுத்திருக்கிறேன், நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்றார். இங்கிலீஷில்தான் பேசினோம். கோபம் வந்தால் என் இங்கிலீஷ் நன்றாக வரும். ஒரு போட்டோவுக்குப் பயந்து ஒரு பிள்ளையை விட்டுவிட்டீர்களே என்றேன். "போட்டோவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, மேடம்" என்றார்.

ஹூஸ்டனுக்குக் கிளம்பும் முன்பே, அவருக்கு மேலே இருந்த ஒருவர் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம். இரண்டு தரப்பையும் பேசவைக்கப் பார்க்கிறோம், நாம் நடுவில் நிற்க வேண்டுமானால் கொழும்பின் மனம் கோணக் கூடாது. அந்த நாடு பாதுகாப்பாகத்தான் இருக்கிறது என்று நாம் காட்ட வேண்டும், அதனால் சிலரைத் திருப்பி அனுப்பப் போகிறோம், நீ குறுக்கே வராதே என்று. அமல் பெயரையும் சொல்லியே சொன்னாராம். இவர் சரி என்று தலையாட்டியிருக்கிறார். ஒரு பையன் போனாலும் சண்டை நின்றால் ஆயிரம் பேர் பிழைப்பார்கள் என்று அப்போது நினைத்தேன் என்றார். சண்டை நின்றதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"அப்படியானால் என் வீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"பிறகு ஏன் கடிதம் தருகிறேன் என்றீர்கள்?"

"நீங்கள் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே நின்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை."

இப்போது எதற்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். உங்கள் மகனுக்கு என் அறையில் உள்ள பழைய கோப்புகளிலிருந்து எப்படியும் தெரியவரும், என் வாயால் முதலில் உங்களுக்குத் தெரியட்டும் என்றார். நான் ஒரு நிபந்தனை போட்டேன். இப்போது என்னிடம் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் என் புருஷனிடம் சொல்ல வேண்டும், அப்போதுதான் என் மகன் வருவான் என்றேன். தயங்கினார். வைத்துவிடுவேன் என்றேன். சரி என்றார்.

அப்பா பின்பக்கம் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். போனைக் கொண்டுபோய்க் காதில் வைத்தேன். "யெஸ் சார். ஐ அண்டர்ஸ்டாண்ட் சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஹோஸ் கீழே விழுந்து தண்ணீர் அவர் செருப்பை நனைத்தது, அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், "தேங்க் யூ சார். தேங்க் யூ வெரி மச்" என்று சொன்னார் பார், எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் சேர்த்து அடித்திருப்பேன். போனை என்னிடம் கொடுத்தார்.

"ஏட்டி, அப்ப குமாரோட தம்பி படத்தால இல்லையா?"

"இல்லைங்க."

"குமார்ட்ட சொல்லணும்டி. பாவம், அவன் இத்தன வருஷம் என் முகத்துல முழிக்காமயே இருந்துட்டான்."

ஈரச் செருப்போடு வீட்டுக்குள் வந்து டப்ளினுக்கு நம்பர் போட்டார். மறுமுனையில் குமார் அங்கிள் எடுத்ததும் இவருக்கு அழுகைதான் வந்தது. அந்தப் பக்கமும் அழுகைதான். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து என்னிடம் கேட்டார்:

"இத அன்னைக்கே ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்லா? அந்த ஆள்ட்டயா நம்ம பிள்ளைய அனுப்பப் போற?"

ஆமாம் என்றேன். போ எய்யா. அந்த மேசைக்கு முன்னால் ஒருத்தி வந்து உட்காருவாள். எந்த நாட்டுச் சண்டையோ, எந்தப் பாஷையோ. தன் பிள்ளைக்காக ஒரு கடிதம் கேட்பாள். உள்ளே முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று உனக்குத் தெரியுமானால், அவளுக்கு டீ ஊற்றிக் கொடுக்காதே, பார்க்கிறோம் என்று சொல்லாதே, உங்கள் கஷ்டம் புரிகிறது என்று சொல்லவே சொல்லாதே. கதவைச் சாத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, முடியாது என்று சொல். அவள் உன்னைத் திட்டுவாள், செருப்பைக்கூடக் கழற்றுவாள். வாங்கிக்கொள். அவள் வெளியே போய்த் தன் பிள்ளையை ஓடச் சொல்ல அவளுக்கு நேரம் இருக்கும். எனக்கு அந்த நேரத்தை அவர் கொடுக்கவில்லை. அமலோடு ஒரே அறையில் இருந்த பையன் பிறகு கனடாவிலிருந்து எனக்குப் போன் பண்ணினான். அமலைப் பிளேன் ஏற்றுவதற்காகப் பிடிக்க வந்தவர்கள் காலையில் கதவைத் தட்டினார்களாம். பின்பக்கம் ஜன்னல் இருந்ததாம், குதித்துத் தப்பியிருக்கலாமாம். அமல் எழுந்து, "கடிதம் வந்திட்டுது போல" என்று சிரித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தானாம்.

அம்மா